கியர் இல்லாத வண்டி

எங்கள் அத்தை ஓட்டிய பிக்கப் வண்டிக்கு ஊரில் கியர் இல்லாத வண்டி என்று பெயர். கியர் எல்லாம் இருந்தது. தானாக மாறிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் க்ளட்ச்சை மிதிக்காமல், கியர் ராடைப் பிடித்து ஆட்டாமல் போவதைப் பூரணாங்குப்பத்தில் யாரும் வண்டி ஓட்டுவதாகவே ஒப்புக்கொள்ளவில்லை.

அத்தைக்கு அந்த வண்டியை விட்டால் வேறு வழி கிடையாது. சின்ன வயதில் வந்த போலியோவில் அவளுக்கு இடது கால் சூம்பிப் போயிருந்தது. க்ளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் வலது கால் ஒன்றே போதும். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் குடும்பங்களை எங்கள் பக்கம் சொல்தா வீடு என்பார்கள். அப்படி ஒரு சொல்தா வீட்டுக்காரர், லீவுக்கு வரும்போது ஓட்டுவதற்கென்று வாங்கி, பிறகு ஷெட்டிலேயே தூங்கவிட்டிருந்த வண்டி அது. அத்தை அதை வாங்கி மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றிக்கொண்டு அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் என்று வியாபாரத்துக்குப் போக ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் கூடையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்து, கண்டக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஏறி, மூக்கைப் பொத்திக்கொள்பவர்கள் நடுவே நின்றுகொண்டே போனவள். வண்டி வந்த பிறகு அத்தை நடக்கிற விதமே மாறிப்போனது போல எனக்குத் தோன்றும். காலென்னவோ அதே கால்தான்.

ஆனால் வண்டி சொல்தா வீட்டுப் பழக்கத்தை விடவில்லை. கியர் மாறுவதே தெரியாமல் ஊஞ்சல் மாதிரி போகும். வெறும் வண்டிக்கு அது சுகம். பாரம் ஏற்றினால்தான் வம்பு. ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இஞ்சின் மட்டும் கத்தும், சக்கரம் யோசித்துக்கொண்டிருக்கும்.

படகுகள் ஒதுங்கும் ஆற்றங்கரையிலிருந்து தார் ரோட்டுக்கு ஏற ஒரு மண் மேடு உண்டு. ஒரு நாள் மீன் நன்றாகப் பட்டிருந்தது. பாதி மேட்டில் இஞ்சின் கத்தியது, வண்டி நின்றது, பிறகு பின்னால் வழுக்க ஆரம்பித்தது. அத்தை பிரேக்கை மிதித்தும் நிற்காமல் திரும்பி, முள் புதரில் போய் முட்டிக்கொண்டது. யாருக்கும் அடியில்லை. பெட்டிகள் சரிந்து கானாங்கெளுத்தி மீன்கள் மேடு முழுக்கச் சிதறின. அள்ளிக்கொடுக்க ஓடி வந்தவர்களில் சிலர் தங்கள் பைக்குள்ளும் கொஞ்சம் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

அப்பா அத்தையின் அண்ணன். கடலுக்குப் போயிருந்தவர் கரைக்கு வந்ததும் விஷயம் தெரிந்து, வலையைக் கூட உதறாமல் வீட்டுக்கு வந்தார்.

“போதும்மே. வண்டிய வித்துடலாம். நீ வூட்லயே குந்து.”

“வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணட்டும்? செவுத்தப் பாத்துக்கினு இருக்கட்டுமா?” என்றாள் அத்தை. “சரி பண்ணிக்கினு வந்து, ஒரே ஒரு தபா மீனு ரொப்பி அந்த மேட்ட ஏத்திக் காட்றேண்ணா. ஏறலன்னா நீயே வித்துக்க.”

அன்றிலிருந்து நான் அப்பாவோடு பேசவில்லை. அத்தையின் வண்டியில் பள்ளிக்கூடம் போய் இறங்குகிறவள் நான். எனக்கும் இழப்பதற்கு நிறைய இருந்தது.

வில்லியனூரில் ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். கை வேலை செய்வதற்கு முன்னால் வாய் பாதி வேலையை முடித்துவிடும். அத்தையோடு நானும் போயிருந்தேன். வண்டியைத் தூக்கி, கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார். உள்ளேயிருந்து வடிந்த ஆயில் கருகிய வாசனை அடித்தது.

“இந்த ஸ்பிரிங்கெல்லாம் கோயிலுக்குப் போயி வரதுக்கு வெச்சது, அக்கா. நீ ஐஸு பொட்டி ஏத்தற. கியரு கப்புனு புடிக்கணும், இது வழுக்கி வழுக்கிப் புடிக்குது. அந்தச் சூட்லயே ஆயிலு வெந்துபூட்சி. நல்ல வேள, கியரப் புடிக்கிற தட்டெல்லாம் இன்னும் தேயல.”

மெல்லிய ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு விறைப்பானவற்றைப் போட்டார். புது ஆயில் ஊற்றினார். ஆயில் சூடேறாமலிருக்க முன்னால் குட்டியாக ஒரு கூலரும் மாட்டினார். சாவியைக் கொடுக்கும்போது, “இனிமே ஒவ்வொரு கியருக்கும் முதுவுல ஒரு குத்து வுடும். குத்தினா சந்தோசப்படு. குத்தலன்னா எனக்கு போன் போடு” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. வில்லியனூரிலிருந்து வீடு வரைக்கும் வண்டி குத்திக்கொண்டே வந்தது. முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் கியருக்குக் கியர் துள்ளிக் குதித்தன. வாசலில் நிறுத்தி ரிவர்ஸ் போட்டதும் ‘டொம்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அம்மா கரண்டியோடு ஓடி வந்து, “இருந்ததும் ஒடஞ்சி பூட்ச்சா?” என்றாள். அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நல்லாகிவிட்ட வண்டி இப்படியா உதைக்கும் என்று எனக்கும் சந்தேகம் வந்தது.

மறுநாள் அப்பா கடலுக்குப் போகவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் நின்றுவிட்டார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆற்றங்கரையில் பெட்டிகளை நிரப்பி ஐஸைக் கொட்டினார்கள். முந்தைய கூத்தைத் தவறவிட்டவர்கள் எல்லாம் இதற்கு வந்திருந்தார்கள். மேட்டின் இரண்டு ஓரத்திலும் திருவிழா மாதிரி கூட்டம். நான் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கக் கண்ணாடியில் அப்பா தெரிந்தார். படகுக்கு முட்டுக்கொடுக்கிற கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்கு நேர் பின்னால் நின்றார்.

“உங்கப்பன் எங்கடி நிக்கறான்?” என்றாள் அத்தை.

“பின்னாலதான் நிக்கறாரு. கட்டைய வேற வெச்சிக்கினு கீறாரு.”

வண்டி வழுக்கும் என்று இவருக்கு எவ்வளவு நம்பிக்கை பார், என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, “அப்ப ஏறியே ஆவணும்” என்றாள்.

வண்டி கிளம்பியது. போன தடவை நின்ற இடம் வந்தது. இஞ்சின் கத்த ஆரம்பித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது. அந்தக் குத்தோடு சக்கரம் மண்ணைப் பிடித்தது. கண்ணைத் திறந்தபோது எதிரே தார் ரோடு இருந்தது.

அத்தை வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். மூச்சை விட்டாள். பிறகு சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மடியில் யாரோ வைத்திருந்த கல்லை எடுத்துவிட்டது போல எனக்கு இருந்தது. அப்பா மூச்சு வாங்க மேடேறி வந்து, ஜன்னலில் கையை ஊன்றினார்.

“இன்னாமே இந்தக் குத்து குத்துது? செத்த மீனெல்லாம் எயிந்துக்கும் போலக்கீதே.”

“குத்தட்டும்ணா” என்றாள் அத்தை.

அப்பா கட்டையைப் பெட்டிகளுக்கு நடுவில் போட்டார். அது அந்த வண்டியிலேயே தங்கிவிட்டது. விற்கிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. தோற்றுப்போன அப்பாவை நான் பெருந்தன்மையாக மன்னித்து, அன்று மாலையே அவரோடு பேசவும் செய்தேன்.

அந்த வண்டியில்தான் நானும் ஓட்டப் பழகினேன். முதன்முதலாகப் பாரத்தோடு அந்த மேட்டில் ஏறப் போனபோது, கண்ணாடியில் பார்த்தால் வண்டிக்குப் பின்னால் யாரோ ஒருவர் போனில் பேசிக்கொண்டு நின்றிருந்தார். தலையை வெளியே நீட்டி, “யோவ், சாவறதுக்கா அங்க நிக்கற? ஓரமாப் போய்யா!” என்று கத்தினேன். கத்திய பிறகுதான், அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அப்பா மட்டும் ஏன் ஓரமாக நிற்காமல் கட்டையோடு பின்னால் நின்றார் என்பது எனக்கு உறைத்தது. அத்தைக்கு அது அப்போதே தெரிந்திருக்கிறது.