இளவரசனுக்குப் பதினாறு நாள்

குருவிநத்தத்துச் செங்கமலம் ஒன்பதாவதோடு நின்றவள். ஆனால் புத்தகம் கையில் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். அவள் படிப்பது அவளோடும் நிற்காது. நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வாரும் பெண்களுக்கு, கஞ்சி குடிக்கும் நேரத்தில் முந்தின நாள் படித்ததைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுக்கு மண்வெட்டியே எழும்பாது.

இரண்டு மாதமாக ஓடிய சரித்திர நாவல் திங்கட்கிழமை முடிந்தது. இளவரசன் ஆற்றங்கரையில் செத்துப்போனான். சொன்னவளும் அழுதாள், கேட்டவர்களும் அழுதார்கள். அப்பேர்ப்பட்ட கதை!

சாயங்காலம் வேலை முடிந்து, நோகிற இடுப்போடு பாகூர் நூலகத்தில் போய் நின்றாள். ராஜா ராணி கதைக்கு அங்கே பஞ்சமா? எடுத்தாள், நாலு பக்கம் புரட்டினாள், வைத்தாள். ஒருத்தனும் மனசில் ஒட்டவில்லை. சே, இன்னும் யாரையடா தூக்கிச் சுமப்பது என்று அலுப்பாக வந்தது. ஆனால் நாளைக்குப் பெண்கள் விடுவார்களா? அட்டையில் குதிரை இருந்த ஒன்றைப் போனால் போகிறதென்று தூக்கி வந்தாள்.

மறுநாள் மரத்தடியில் உட்கார்ந்து, "ஒரு ராஜாவுக்குப் பட்டாபிஷேகம்..." என்று ஆரம்பித்தாள்.

"நிறுத்துடி," என்றாள் அமிர்தம். கூட்டத்தில் மூத்தவள் அவள்தான். "நேத்துதான் புள்ளைய வாரிக் குடுத்தோம். இன்னிக்கே இன்னொருத்தனுக்குப் பட்டாபிஷேகமா? இன்னா மனசுடி ஒனக்கு?"

"அய்ய, கதைதானக்கா!"

"கதையின்னா? சாவு சாவுதான். பதினாறு முடியட்டும். அப்பறம் எந்த ராஜாவ வேணாலும் இட்டுக்கினு வா."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். பதினாறாம் நாள் வடை சுட்டு வருவதாகக்கூட ஒருத்தி சொன்னாள். செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரரு போனப்ப அஞ்சாம் நாளே நடவுக்கு வந்துட்டேன்க்கா. பதினாறு வரைக்கும் உக்காருடின்னு ஒருத்தரும் சொல்லல."

புருஷன் ராமு போய் மூன்று வருஷம். அவள் வாயிலிருந்து இந்தப் பேச்சு வந்ததே இல்லை. அமிர்தம் கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தாள்.

"தெரியும்டி. வந்து கூப்ட்டதே நான்தான. புள்ளைங்க பட்டினியா கெடக்குமேன்னு கூப்ட்டேன்."

அவள் செங்கமலத்தின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கித் தன் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். பதினாறு கழிச்சி தரேன். நீ உக்காரு."

செங்கமலம் புருஷனுக்காக அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதாள். வேலையை ஆரம்பிக்கச் சொல்லி வாய்க்கால் கரையில் விசில் அடித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.