மணியடித்துப் பேசிய நாள்

என் மாமாவுக்கு ஒரு வியாதி இருந்தது. எங்கே யார் தமிழ் பேசக் கேட்டாலும் சைக்கிளை நிறுத்தி, "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டுவிடுவார். சற்று நேரத்தில் அந்த ஆள் ஏதோ ஒரு வகையில் அவருக்கு மைத்துனன் ஆகியிருப்பார். பெங்களூரில், ஜீவனஹள்ளியிலிருந்து அல்சூர் ஏரிக்குப் போகும் வழியில் சேர்ந்த இந்த மைத்துனர்களால் எங்களுக்கு எப்போதும் தாமதமாகும். ஒவ்வொரு மே மாதமும் குடியாத்தத்து வெயிலிலிருந்து தப்பி நான் மாமா வீட்டுக்கு வருவதே அந்த ஏரிக்கரைச் சவாரிக்காகத்தான். அவருக்குப் பெரிய சைக்கிள், எனக்கு வாடகைக்கு எடுத்த சின்ன சைக்கிள். மர நிழலில் மிதிப்போம், பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்போம், மறுபடி மிதிப்போம். வாய் மட்டும் ஓயாது. வாயாடித்தனத்தில் நான் மாமாவைக் கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள்.

நான் சொல்லும் வருஷத்துக்கு முந்தைய டிசம்பரில், காவிரித் தண்ணீருக்காகப் பெங்களூரில் கலவரம் நடந்து தமிழர்கள் அடிபட்டார்கள். மாமாவிடமிருந்து தகவல் வரும்வரை அம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். எனக்குத் தெரிந்த தண்ணீர்ச் சண்டை எங்கள் தெருக் குழாயடியில் நடப்பதுதான். அது சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். கோடை விடுமுறை வந்ததும், "கலாட்டா எல்லாம் அடங்கிடுச்சி, புள்ளைய அனுப்பி வைங்க" என்று மாமா சொல்லியனுப்பினார். என்னை ரயிலேற்றினார்கள்.

ஏரிக்குக் கிளம்பிய காலையில் மாமா ஒரு போட்டி வைத்தார். வீடு திரும்பும்வரை இருவரும் வாய் திறக்கக்கூடாது. பெல்லை ஒரு தடவை அடித்தால் ஆமாம், இரண்டு தடவை அடித்தால் இல்லை, விடாமல் அடித்தால் நில்.

"யாரு மொதல்ல பேசறாங்களோ அவங்க தோத்தாங்க. நீ ஜெயிச்சா என் பெல்லு உனக்கு."

மாமாவின் பெல்லை ஒரு தட்டுத் தட்டினால் தெருமுனைவரை கேட்கும். அதற்காக நான் ஒரு வருஷம்கூட ஊமையாக இருந்திருப்பேன். அத்தைக்குத்தான் இந்தப் போட்டி பிடிக்கவில்லை.

"இந்த வருஷம் ஏரிக்குப் போவாமதான் இருங்களேன்."

"வருஷம் பூரா இதுக்குத்தான காத்துக்கினு இருந்தா" என்றார் மாமா.

முந்தைய வருஷங்களில் ஏரிக்கரையில் எந்தப் பெஞ்சைக் கடந்தாலும் காதில் தமிழ் விழும். அன்று விழவில்லை. எங்களுக்குப் பழக்கமான கடலைக்காரம்மாகூட விலையை விரல்விட்டுக் காட்டினாள். ஊரே எங்கள் போட்டியில் சேர்ந்துவிட்டது என்று நினைத்து எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தண்ணீரைத் தொட்டுக்கொண்டு காற்று வந்தது. மாமா ஒன்று அடித்தால் நான் இரண்டு அடிப்பேன். அப்படியொரு சவாரி அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ஏரியைப் பாதி சுற்றியிருப்போம், என் சைக்கிளில் செயின் கழன்றுகொண்டது. விடாமல் பெல் அடித்தேன். முன்னால் போன மாமா திரும்பி வருவதற்குள், எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கிக் குனிந்து செயினை மாட்டத் தொடங்கினார்.

"ஹெசரு ஏனு, மரி?"

கன்னடம் தெரியாவிட்டாலும் பெயரைக் கேட்கிறார் என்று புரிந்தது. நாக்கு நுனிவரை வந்த பெயரை விழுங்கிவிட்டு பெல்லை ஒரு தடவை தட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் கேட்டார். மாமா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"அவளிகெ மாத்து பரல்ல" என்றார்.

அவளுக்குப் பேச்சு வராது என்று அதற்கு அர்த்தமென்பதை வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குப் புரிந்தது, மாமா வாயைத் திறந்துவிட்டார், பெல் எனக்கு என்பதுதான்.

அந்த மனிதரின் முகம் வாடிவிட்டது. செயின் கரி படிந்த கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, பையிலிருந்த கடலைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"சாப்புடும்மா, கண்ணு" என்றார். தமிழில்தான் சொன்னார்.

சொன்னவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு மாமாவைப் பார்த்தார். மாமாவும் அவரைப் பார்த்தார். மாமாவின் கண்கள் கலங்கியிருந்தன. ஒரு பெல் போவதற்கு இவ்வளவு வருத்தமா என்று எனக்குப் பாவமாக இருந்தது. அந்த மனிதர் சைக்கிளில் ஏறிக் கொஞ்ச தூரம் போய், திரும்பிப் பார்க்காமல் ஒரு தடவை பெல் அடித்தார். மாமா கீழே கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, அவரும் ஒரு தடவை அடித்தார்.

வீட்டு வாசலைத் தாண்டியதும், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அத்தையிடம் கொட்டினேன். மாமா தோற்றதைச் சொன்னேன். வழியில் வந்தவரும் தமிழ் பேசித் தோற்றதைச் சொன்னேன். பெரியவர்கள் இரண்டு பேரை ஒரே நாளில் ஜெயித்த பெருமை எனக்கு. மாமா ஸ்பேனரை எடுத்து பெல்லைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அவரு எந்த ஊராம்?" என்று அத்தை கேட்டாள்.

"கேக்கல" என்றார் மாமா.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. போட்டியில்தான் இருவருமே தோற்றுவிட்டார்களே, அதற்கப்புறம் கேட்டிருக்கலாமே.