தம்பிக்கு வாங்கிய மணி

சேலத்து ஆசுபத்திரி பெஞ்சில் காத்திருக்கிறேன். மடியில் என் மகன் தூங்குகிறான். இரண்டரை வயதாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்துப் பெண்ணின் கைக்குழந்தையிடமிருந்து சுட்ட வசம்பின் வாசனை வருகிறது. வேண்டாமென்றாலும் அது என்னைப் புதுச்சத்திரத்து வீட்டில் கொண்டுபோய் விடுகிறது.

அங்கே என் தம்பியும் மூன்று வயதாகியும் பேசாமல்தான் இருந்தான். தினமும் காலையில் அம்மா வசம்பை விளக்கில் சுட்டு, தேனில் உரைத்து, அவன் நாக்கில் தடவுவாள். பேச்சு வந்தால் மாரியம்மன் கோயிலில் மணி கட்டுவதாக வேண்டிக்கொண்டு, ராசிபுரத்தில் வெண்கல மணி ஒன்றை முன்கூட்டியே வாங்கியும் வைத்திருந்தாள். முகத்துக்கு நேரே அதை ஆட்டினால் தம்பி சிரிப்பான். "மணின்னா எஞ்சாமிக்கு எத்தனை சந்தோசம் பாரு," என்பாள்.

இதே சேலத்து டாக்டர் ஒருவரிடம் அவனைக் காட்ட வந்தபோதும் மணியை மடியில் கட்டிக்கொண்டுதான் வந்தாள். "நாக்குல ஏதோ கோளாறுங்க," என்று சொல்லி, வேண்டுதலையும் சொன்னாள். டாக்டர் நாக்கைப் பார்த்தார். பிறகு அந்த மணியைக் கேட்டு வாங்கி, தம்பியின் முதுகுக்குப் பின்னால் நின்று பலமாக அடித்தார். வாசலில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி அம்மாவின் வளையலை உருட்டிக்கொண்டிருந்தான்.

"மணி சின்னதாப் போச்சுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

கம்பவுண்டர் உரக்கக் கூப்பிடுகிறார். மகன் விழிக்கவில்லை; பஸ்ஸில் வந்த அசதியாகவும் இருக்கலாம். இத்தனை நாளும் அவன் முகத்துக்கு முன்னால் போய்த்தான் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.