முந்தானைக்குள் ஒளித்த குடை

எண்பதுகளில் ஒரு கோடை. பாறையில் வெயில் காயும் முதலையைப் பார்க்க நானும் நாத்தனாரும் பாப்பாரப்பட்டியிலிருந்து ஒகேனக்கல் போய்ப் பரிசல் ஏறினோம்.

"செருப்பு, குடையெல்லாம் கரையிலயே வெச்சிருங்க. அடியில வெறும் தோலுதாங்க" என்றார் பரிசல்காரர். என்னுடையது புதுக் குடை. தொலைந்துவிடும் என்று பயந்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

நடு ஆற்றில், "அதோ பாருங்க அண்ணி!" என்று நாத்தனார் கை நீட்டினாள். குடையை ஊன்றி எட்டிப் பார்த்தேன். முதலை பாறையிலிருந்து சறுக்கித் தண்ணீருக்குள் மறைந்தது. அப்போதுதான் என் பாதம் நனைந்தது. பயத்தில் சொல்ல வாய் வரவில்லை. புடவை நனைந்த பிறகுதான், "அண்ணா, தண்ணி வருதுங்க" என்றேன்.

முந்தானைக்கு வெளியே நீட்டிய குடை முனையை அவர் பார்த்துவிட்டார். தலைத்துண்டை அவிழ்த்து என்னிடம் எறிந்தார்.

"இத ஓட்டையில வெச்சுக் குதிகால்ல அழுத்திக்குங்க. யாரும் அசையாதீங்க."

முதலை எந்தப் பக்கம் இருக்கிறதோ தெரியவில்லை. கரை தட்டும்வரை காலை எடுக்கவில்லை.

இறங்கியதும் நாத்தனார் அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஓட்டைப் பரிசல்ல ஏத்திக் கொல்லப் பாத்தீங்களே!"

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் துண்டைப் பிழிந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் குடையைக் கரையில் வைத்துவிட்டுத்தான் பரிசல் ஏறுகிறேன். என் நாத்தனாரும் இந்த இதழை வாங்குகிறாள். படிக்கட்டும்.