வெயிலில் நட்ட பஸ் ஸ்டாப்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள் நான். தேனியில் பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று எழுத எனக்கு என்ன தகுதி? வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் வீட்டுக் கதையையே பொறுத்துக்கொள்ளும் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியம்தான்.

என் தையல் கடை மூன்று ரோடு சேரும் மார்க்கெட் மூலையில் இருக்கிறது. கடை வாசலில் ஒரு புளியமரம். அதன் நிழலில்தான் இத்தனை வருஷமாகக் கம்பம் பஸ் நின்றது. பஸ் நின்றால் பின்னால் காய்கறி வண்டி, ஏலக்காய் லாரி, சைக்கிள்... எல்லாம் நின்றுவிடும். மூன்று ரோட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் ஹாரன் அடிப்பார்கள்.

போன மாதம் நகராட்சியில் ஸ்டாப்பைக் கொஞ்சம் தள்ளி, அகலமான இடத்துக்கு மாற்றினார்கள். நல்ல யோசனை. குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அங்கே பொட்டு நிழல் கிடையாது.

ஜனங்கள் என்ன செய்வார்கள்? மரத்தடியிலேயே நின்றார்கள். பஸ் தலை தெரிந்ததும் ரோட்டுக்கு நடுவே, புது ஸ்டாப் போர்டை நோக்கி ஓட்டம். நெரிசல் குறைந்ததா? பஸ்ஸுக்குப் பதிலாக இப்போது மனிதர்கள் லாரியை மறித்தார்கள்... அவ்வளவுதான்.

ஓட முடியாதவர்களும் இருக்கிறார்களே?

சுருளிப்பட்டி பாண்டியம்மாள் தினமும் மகள் செல்வியை இடுப்பில் சுமந்து ஆஸ்பத்திரிக்கு வருவாள். ஏழு வயதுப் பிள்ளை. இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பியிருந்தது. விடாமல் பயிற்சி கொடுத்தால் கம்பு ஊன்றியாவது நடப்பாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மத்தியான பஸ்ஸை விட்டால் கம்பத்தில் இறங்கி ஊருக்குப் போகும் பஸ் கிடைக்காது. பிறகு நடைதான், பிள்ளையோடு.

ஒரு வாரத்துக்குள் இரண்டு தடவை பஸ்ஸை விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் கடைப் படியில் உட்கார்ந்து, முகம் பார்க்காமல் சொன்னாள். "நாளையிலருந்து வரலக்கா. அங்கன நின்னா இவளுக்கு வெயிலு தாங்கல. இங்கன நின்னா பஸ்ஸு நிக்கல. தொடந்து வரணும்னு டாக்டரு சொன்னாக... நான் என்ன செய்ய?"

பிள்ளை என் வெட்டுத் துணிகளை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வரும் நேரத்துக்கு எழுந்து போய் அந்தப் போர்டுக்குக் கீழே நின்றேன். நாலு பேர் பார்த்தால் சேலைத் தலைப்பைத் தேடுகிறவள் நான். பஸ் வந்தது, நின்றது, கிளம்பப் பார்த்தது. அதன் முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"என்னாத்தா, குறுக்க நிக்கிறீக? ஒங்க வீட்டு வண்டியா?" என்றார் கண்டக்டர்.

மரத்தடிப் பக்கம் கையை மட்டும் நீட்டிக் காட்டினேன். பாண்டியம்மாள் பிள்ளையோடு மெதுவாக வந்துகொண்டிருந்தாள். கண்டக்டர் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். "நாளைக்கு ஒரு நா வந்து பாரு" என்று சொல்லிப் பாண்டியம்மாளை ஏற்றிவிட்டேன்.

திரும்பி வரும்போது மரத்தடியில் கடை போட்டிருந்த சோடாக்கடைக்காரர் சிரித்தார். "டெய்லரக்கா கைய நீட்டுனா மெட்ராஸ் எக்ஸ்பிரசே நின்னுரும் போல."

"தினமும் நீட்ட முடியுமாண்ணே?" என்றேன். "நெழலு அங்கன இருந்தா சனம் அங்கன நிக்கும். தாகமும் அங்கனதான எடுக்கும்?"

அவர் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார்.

ஸ்டாப்பை மாற்றியவர்கள் ரோட்டை அளந்தார்கள், பஸ்ஸை அளந்தார்கள். வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை. காகிதத்தில் வரையும்போது வெயில் அடிக்காதே! பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிடலாம். மனிதர்கள் எங்கே நிற்பார்கள் என்பதைப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை சோடாக்கடைக்காரர் போர்டுக்குப் பக்கத்தில் நாலு கம்பு நட்டு, கீற்றுப் போட்டு, பாட்டில்களை அடுக்கிவிட்டார். மத்தியானம் பாண்டியம்மாளும் செல்வியும் அதன் கீழே நின்று பஸ் ஏறினார்கள்.