பெரியப்பாவுக்கு எந்தக் கட்டம்?

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டேட்டா வேலை பார்க்கிறேன். வருடா வருடம் அரசாங்கம் கேட்கும் மாணவர் கணக்கெடுப்புக்காக ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் தாய் தகப்பன் பெயரையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கேட்பவர்களுக்குச் சப்பென்றிருக்கும். எனக்கு இது பிடித்த வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். என்னைச் சேர்க்க வந்த அம்மாவுக்குத் தேதி தெரியவில்லை. "ஆடி மாசம், நல்ல மழை" என்றாளாம். அவர்களே ஜூன் ஒன்று என்று போட்டுக்கொண்டார்கள். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் அந்தத் தேதியில்தான் பிறந்தோம். அம்மா இன்றும் ஆடியில் ஒரு நாள் பாயசம் வைக்கிறாள். பள்ளியில் ஜூன் ஒன்றுக்குக் கேக் வெட்டுகிறார்கள். எனக்கு நஷ்டமில்லை. இருந்தாலும் என் கையால் ஏறும் பிள்ளைகளுக்கு உள்ளது உள்ளபடி ஏறட்டும் என்று ஒரு பிடிவாதம்.

இந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் மாட்டிக்கொண்டேன். அங்கே ஒரே பெயரில் இரண்டு பையன்கள். அண்ணன் தம்பி பிள்ளைகள், ஒரே லைன் வீட்டில் வளர்கிறவர்கள். சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தாவின் பெயரை விட்டுக்கொடுக்க இரண்டு மகன்களுக்கும் மனம் வரவில்லை. போதாததற்குப் பேரன்கள் இருவரும் ஒரே தேதியில் பிறந்துவிட்டார்கள், ஒருவன் காலையில், ஒருவன் இரவில். சுரங்கம் மூடிய பிறகும் ஷிஃப்ட்டை மறக்காத ஊர் இது. முதலில் பிறந்தவன் டே ஷிஃப்ட், அடுத்தவன் நைட் ஷிஃப்ட். டீச்சர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

போன வருடம்வரை இருவருக்கும் தனித்தனியே மாணவர் எண் இருந்தது. இந்த வருடம் ஒரே பையன் இரண்டு தடவை ஏறியிருக்கிறான் என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி, நைட் ஷிஃப்ட்டை நீக்கிவிட்டது. திரும்ப ஏற்றினால், 'இந்த மாணவர் ஏற்கெனவே பதிவில் உள்ளார்' என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. விடுதிப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அந்த எண் வேண்டும். பையன்கள் இருவரும் சேர்ந்து படித்துத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். கடைசி நாளும் நெருங்கிவிட்டது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் என் மேஜைக்கு வந்தார்கள்.

"சார், நான் ஸ்கூல்ல இல்லியா?" என்றான் நைட் ஷிஃப்ட்.

"இருக்கியேடா, என் எதிர்லதான நிக்கிற."

"அப்ப கம்ப்யூட்டருக்கு இன்னா வந்துச்சாம்?"

"நீ என் ஜெராக்ஸ்டா, அதான்" என்றான் டே ஷிஃப்ட்.

சேர்க்கை விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே தகப்பன், ஒரே தாய். பையன்களைச் சேர்க்க வந்தவர் அண்ணன்காரர், டே ஷிஃப்ட்டின் அப்பா. ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவர். தம்பி விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய்விடுவார். அண்ணன்காரருக்கு போன் போட்டேன். ஆட்டோவை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தார்.

"அண்ணா, ரெண்டு பேருக்கும் உங்க பேரும் உங்க வீட்டம்மா பேரும் இருக்குது."

"ஆமா, நான்தான சேர்த்தேன். மிஸ்ஸு அப்பா பேரு இன்னான்னாங்க, சொன்னேன். இன்னா தப்பு?"

"ஒருத்தன் உங்க தம்பி பையன் ஆச்சே."

"தம்பி பையனா? ரெண்டும் என் பசங்கதான்பா. அவன் என் நெஞ்சு மேல படுத்துத் தூங்கினவன். நான் அவனுக்கு இன்னா, பக்கத்து வூட்டுக்காரனா?"

"கம்ப்யூட்டருக்கு அது புரியலண்ணா."

"புரியலன்னா புரிய வெய்யி. படிச்ச புள்ளதான நீ!"

ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பதிவில் இருந்தது உண்மையும் இல்லை. பெயரை மாற்ற இரண்டு தகப்பன்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

சனிக்கிழமை குடும்பத்தையே பள்ளிக்கு வரச்சொன்னார் எங்கள் தலைமையாசிரியை. அண்ணன், தம்பி, தம்பி மனைவி, இரண்டு ஷிஃப்ட்டுகள் எல்லோரும் வந்தார்கள். தம்பி என்னிடம் மெதுவாக, "அண்ணன் பேரே இருந்துட்டுப் போவட்டும் சார். அவரை எடுத்துட்டு என் பேரைப் போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். "ஒருத்தர் விடமாட்டேன்றாரு, ஒருத்தர் வேணான்றாரு. நடுவுல பையனுக்குப் பரீட்சை போவுது."

அப்போதுதான் தம்பி மனைவி வாயைத் திறந்தார். "மிஸ், மாமா கோச்சிக்கக் கூடாது. அக்காதான் இவனை வளர்த்துச்சு, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பெத்தவ நான். ஒரே ஒரு எடத்துல என் பேரும் வரட்டுமே."

ஆட்டோக்காரர் தன் செருப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

"இத்தினி வருசம் ஏம்மா சொல்லல?"

"நீங்க யாரு கேட்டீங்க?"

டே ஷிஃப்ட் களுக்கென்று சிரித்தான். அவன் அப்பா அவன் தலையில் ஒன்று வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எடுத்துடு தம்பி. என் பேரை எடுத்துடு" என்றார்.

எனக்குக் கை ஓடவில்லை. திரையையே மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தேன். தாய், தகப்பன் பெயர்களுக்குக் கீழே, நான் எப்போதும் தாண்டிப் போகிற ஒரு கட்டம் இருந்தது.

"அண்ணா, இங்க பாதுகாவலர்னு ஒரு கட்டம் இருக்குது. உங்க பேரை இதுல போடலாம்."

"பாதுகாவலர்னா? வாட்ச்மேனா?"

"வாட்ச்மேன் நான்தான்ணா, பெங்களூர்ல" என்றார் தம்பி. தலைமையாசிரியை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கார்டியன்ணா. பையனுக்குப் பொறுப்பா நிக்கிறவங்க. அப்பா மாதிரி."

"மாதிரின்னா வேணாம்."

"அப்பா அளவுக்கு."

"ஆங், அது!" நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "என் பையனுக்கு அதுல யாரைப் போட்டுக்கீற?"

"காலியா விட்டிருக்கேன்."

"இன்னாத்துக்குக் காலி? என் தம்பி பேரைப் போடு."

போட்டேன். தம்பி மனைவி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் அடித்து முடித்ததும் திரையில் விரல் வைத்து வாசித்தார். இரண்டு சகோதரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். பிறப்புச் சான்றிதழ்களையும் சேர்த்து அன்றைக்கே பிளாக் கல்வி ஆபீசுக்கு அனுப்பினோம்.

செவ்வாய்க்கிழமை புது எண் வந்தது. முதல் வேலையாகத் தேர்வு விண்ணப்பத்தில் அதை ஏற்றி அனுப்பிவிட்டு, ஜன்னல் வழியாகப் பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இருவரும் ஓடிவந்தார்கள். நைட் ஷிஃப்ட் என் பேனாவைப் பிடுங்கி, எண்ணை முழங்கைவரை எழுதிக்கொண்டான். டே ஷிஃப்ட்டும் விடவில்லை. தன் எண்ணைக் கேட்டு வாங்கித் தன் கையில் எழுதினான். கையோடு கை வைத்து ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்தார்கள்.

"என் நம்பர்தான்டா பெருசு! இனிமே நான்தான் அண்ணன்!" என்று கத்திக்கொண்டே மைதானத்துக்கு ஓடினான் நைட் ஷிஃப்ட்.

"சார், அது செல்லாதுன்னு சொல்லுங்க சார்!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டே ஷிஃப்ட்டும் அவனைத் துரத்திக்கொண்டு ஓடினான்.