பழம் குளித்த தண்ணீர்

மெல்பர்னில் என் மகள் கவிதா வீட்டு ஃப்ரிட்ஜில் எப்போதும் ஒரு கண்ணாடிக் கூஜா இருக்கும். அதற்குள் தண்ணீர், தண்ணீருக்குள் ஆரஞ்சு வில்லை, வெள்ளரித் துண்டு, புதினா. வந்த புதிதில் யாரோ கைதவறிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, பழத்தையெல்லாம் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். வேலை முடிந்து வந்த கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்தத் தண்ணியத்தாம்மா குடிக்கோணும். ஒடம்புக்கு நல்லது."

"அப்பப் பழம்?"

"எடுத்து வீசிருவோம்."

"பழத்தக் குளிப்பாட்டிப்போட்டு, குளிச்ச தண்ணியவா கண்ணு குடிக்கறீங்க?"

கேலி செய்தேனே தவிர, சர்க்கரை நோய்க்காரிக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஊரில் இருப்பவர்களும் செய்து பார்க்கலாம். பழத்தை நன்றாகக் கழுவி, மெல்லிசாக அரிந்து, தண்ணீரில் போட்டு, ஒரு பொழுது குளிரில் வைத்தால் போதும். சர்க்கரை ஒரு சிட்டிகைகூட வேண்டாம். ஆரஞ்சுத் தோல் அதிகம் ஊறினால் கசக்கும், அதற்குள் வடித்துவிட வேண்டும். ஊறிய பழம் சப்பென்றுதான் இருக்கும். நான் அதையும் தின்றுவிடுவேன். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்த கைக்குப் பழத்தை வீச வராது.

பக்கத்து வீட்டு மார்கரெட் வந்தபோது இதைத்தான் ஒரு டம்ளர் நீட்டினேன். "நோ, தேங்க்ஸ்" என்றாள். ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான வாழவந்தியில் ஒருவர் வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்றால் உறவே வேண்டாம் என்று பொருள். என்ன கோபமோ என்று நானும் கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்குத் தாகம் இல்லை, அவ்வளவுதானாம்.

இந்த முறை ஊருக்குப் போனபோது, குப்பனூர் வழியாக பஸ் மலையேறுவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. வாழவந்தியில் தங்கை சரசு வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர் கேட்டேன். மூடி திறக்காத கடை பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன கண்ணு இது?"

"உங்களுக்குன்னு ஏற்காட்ல வாங்கியாரச் சொன்னனுங்கக்கா. நம்மூட்டுத் தண்ணி உங்களுக்குச் சேராதுங்க."

"பொறந்து வளந்த தண்ணி எனக்குச் சேராதா?"

"போன தடவ வயித்தால போயிப் படுத்தீங்கல்ல? உங்க புள்ள கவிதா போன்ல என்னய நொம்பப் பேசிருச்சு. மறுக்கா அந்தப் பேச்ச என்னால வாங்க முடியாதுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டிலைக் குடித்தால் நான் ஏற்காடு ஏரியில் படகு விட வந்த சுற்றுலாக்காரியாகிவிடுவேன். மறுத்தால் அவள் மனசு இன்னும் உடையும்.

"சரி, மெல்பர்ன் வைத்தியம் ஒண்ணு காட்டறேன்" என்று அடுப்பைப் பற்ற வைத்தேன். அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை அண்டா நிறையப் பிடித்து, தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவிட்டேன். ஒரு குடத்தில் வெறுமனே ஊற்றி மூடினேன். மிச்சத்தில் கமலா ஆரஞ்சு, கொய்யா, வாசனைக்கு இரண்டு பச்சை மிளகு. மலைக் குளிருக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு? ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விட்டு, அதுவரை சரசு போட்ட காப்பியில் தாகத்தைத் தணித்துக்கொண்டேன். காலையில் வடித்து வைத்துக்கொண்டு, சரசு முன்னாலேயே கவிதாவுக்குப் போன் போட்டேன்.

"உங்க சின்னம்மா ஊட்டுத் தண்ணிதான் குடிக்கப் போறேன். காய்ச்சிப் பழம் போட்டிருக்குது. எனக்கு எதாச்சும் ஆனா பழத்தத் திட்டு. அவளத் திட்டாத."

"சின்னம்மாகிட்டக் குடும்மா" என்றாள். சரசு போனோடு கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வரும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பழத் தண்ணீரை ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்துப் பார்த்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று இன்னொரு டம்ளரும் ஊற்றிக்கொண்டாள். நான் குடத்திலிருந்து வெறும் தண்ணீரை மொண்டேன். இருவரும் வாசலில் உட்கார்ந்தோம். அவள் மெல்பர்ன் தண்ணீரைக் குடித்தாள், நான் வாழவந்தித் தண்ணீரைக் குடித்தேன். இரண்டும் ஒரே குழாயில் பிடித்ததுதான்.